92 யார்டும் 628 யார்டும்

விளையாட்டு: வாசகர் கேள்வி – பதில்

கல்லூரி அணி ஒன்று ஒரே ஆண்டில் எட்டிய உயரங்களுள் எதை முதலில் வைப்பீர்கள் என்று சென்ற இதழில் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அமெரிக்காவின் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணி (பந்தைக் கையில் ஏந்தியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கக் கால்பந்து) 2019ஆம் ஆண்டுப் பருவத்தில் ஆடியதைத்தான் என்று ஒரே வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரி போதாது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் சொல்வது சரி. எனவே இந்த முறை பக்கம் முழுவதும் அந்தப் பருவத்துக்கே.

கேள்வி: கல்லூரி மாணவர்கள் ஆடும் ஆட்டத்தைப் பார்க்க ஒரு லட்சம் பேர் கூடுகிறார்கள் என்பது உண்மையா? இந்த ஆட்டத்தின் விதிகளே எங்களுக்குச் சரியாகத் தெரியாது, அதிலிருந்து தொடங்குங்கள். (வாசகர், ஈரோடு)

பதில்: உண்மைதான். பேட்டன் ரூஜ் நகரில் எல்.எஸ்.யு. என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்தப் பல்கலைக்கழகத்தின் டைகர் ஸ்டேடியத்தில் 1,02,321 பேர் அமரலாம். 1988 அக்டோபர் 8 அன்று இரவு, ஆபர்ன் அணிக்கு எதிராக ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு டச்டவுன் எடுத்து 7-6 என்று எல்.எஸ்.யு. முந்தியபோது எழுந்த ஆரவாரம், பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த நிலநடுக்கப் பதிவுக் கருவியில் கோடாகப் பதிந்தது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் தொழில்முறை அணிகள் மிகவும் தாமதமாகத்தான் வந்தன. லூசியானாவில் நியூ ஆர்லியன்ஸ் நகரின் அணி ஆடத் தொடங்கியதே 1967இல்தான். அலபாமா மாநிலத்துக்குத் தேசியத் தொழில்முறைக் கழகத்தில் இன்றுவரை ஓர் அணியும் இல்லை. ஆகவே அங்கெல்லாம் மாநிலப் பல்கலைக்கழகத்தின் அணிதான் மாநிலத்தின் அணி. கல்லூரி வாசலை மிதிக்காதவர்களும் அதைத் தம்முடைய அணியாகவே கருதுகிறார்கள்.

விதிகளைப் பொறுத்தவரை, இந்தப் பக்கத்தைப் படிப்பதற்குச் சிலவற்றைத் தெரிந்துகொண்டால் போதும். அணிக்கு 11 பேர். கிரிக்கெட்டில் ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் ஆட்டம் நின்று மறுபடி தொடங்குவதைப் போல, இங்கும் ஒவ்வொரு முயற்சிக்குப் பிறகும் ஆட்டம் நின்று தொடங்கும். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 யார்டு (ஒரு யார்டு ஏறத்தாழ 0.9 மீட்டர்) முன்னேற வேண்டும். முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும், தவறினால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுசேர்த்தால் டச்டவுன், அதற்கு 6 புள்ளிகள். ஒவ்வொரு முயற்சியிலும் பந்தை முதலில் கையில் வாங்கி, அதை எறிவதா, ஓடுபவரிடம் கொடுப்பதா என்று இரண்டு மூன்று நொடிக்குள் முடிவெடுப்பவர் குவார்ட்டர்பேக். பருவம் ஆகஸ்ட் இறுதியில் தொடங்கி, நவம்பர் முடிவதற்குள் 12 ஆட்டங்கள் நடக்கும். பிறகு அந்தந்த வட்டாரக் கூட்டமைப்பின் இறுதியாட்டம். அதற்குப் பிறகு, 2019இல் இருந்த முறைப்படி, நாடு முழுவதிலிருந்தும் நான்கே அணிகளை ஒரு குழு தேர்ந்தெடுத்து அரையிறுதிக்கு அனுப்பும். நூற்றுக்கும் மேற்பட்ட அணிகளுக்கு நான்கே இடங்கள் என்பதால், செப்டம்பரில் தோற்ற ஓர் ஆட்டம்கூடப் பருவம் முழுவதையும் வீணாக்கிவிடக்கூடும்.

கேள்வி: எல்லா ஆட்டங்களையும் வென்ற அணிகள் வேறு பலவும் இருக்கின்றன. அவற்றையெல்லாம் விட்டுவிட்டு 2019ஆம் ஆண்டின் எல்.எஸ்.யு. அணியை மட்டும் ஏன் இவ்வளவு உயரத்தில் வைக்கிறீர்கள்? (வாசகர், மதுரை)

பதில்: அந்த ஆண்டு அவர்கள் ஆடிய 15 ஆட்டங்களிலும் வென்றார்கள், மோதும் நேரத்தில் தரவரிசையில் முதல் 10 இடங்களுக்குள் இருந்த ஏழு அணிகளை வீழ்த்தினார்கள், மொத்தம் 726 புள்ளிகள் குவித்தார்கள். அதுவரை முதல்நிலைக் கல்லூரி அணி எதுவும் ஒரே பருவத்தில் அவ்வளவு எடுத்ததில்லை. ஆனால் நான் அவர்களை உயர்த்திச் சொல்வது இந்த எண்களுக்காக மட்டும் அன்று. அந்த அணிக்குப் பல ஆண்டுகளாக ஒரு குறை இருந்தது. அது என்ன குறை என்பது ஊருக்கே தெரிந்திருந்தது. அதைச் சரிசெய்யத்தான் ஒருவருக்கும் மனம் வரவில்லை.

2012 ஜனவரி 9 அன்று நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோமில் நடந்த தேசிய இறுதியாட்டத்துக்கு எல்.எஸ்.யு. 13 வெற்றிகளோடு, ஒரு தோல்வியும் இல்லாமல் வந்தது. எதிரே அலபாமா. இரண்டு மாதங்களுக்கு முன்புதான் அதே அலபாமாவை அதன் சொந்த மைதானத்தில் கூடுதல் நேரத்தில் 9-6 என்று வென்றிருந்தார்கள். ஆனால் இறுதியாட்டத்தில் எல்.எஸ்.யு. முன்னேறிய மொத்தத் தொலைவு 92 யார்டு, எடுத்த புள்ளி ஒன்றுகூட இல்லை, தோல்வி 21-0. அன்று தொடங்கி 2018 வரை அலபாமாவிடம் தொடர்ந்து எட்டு முறை தோற்றார்கள். அவற்றுள் மூன்றில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. அலபாமாவின் பயிற்சியாளர் நிக் சபான் யார் என்பதையும் சொல்ல வேண்டும்: 2003ஆம் ஆண்டுப் பருவத்தில் எல்.எஸ்.யு.வுக்குத் தேசியப் பட்டம் வாங்கிக்கொடுத்தவரே அவர்தான். அதனால் ஒவ்வொரு தோல்வியும் இரண்டு மடங்காக வலித்தது.

தற்காப்பில் எல்.எஸ்.யு. எப்போதும் வலிமையான அணி. தாக்குதலில் மட்டும், பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எதிரணிச் சுவரின்மேல் நேரடியாகப் பாய்வது ஒன்றே ஆண்மை என்பதுபோல் ஆடிவந்தார்கள். மற்ற அணிகள் களத்தின் அகலம் முழுவதையும் பயன்படுத்தக் கற்றுக்கொண்டுவிட்ட பிறகும் இவர்கள் மாறவில்லை. அதே சூப்பர்டோமில் 2020 ஜனவரி 13 அன்று, 29 ஆட்டங்களாகத் தோல்வியே காணாத கிளெம்சன் அணிக்கு எதிராக இவர்கள் முன்னேறிய தொலைவு 628 யார்டு. 92இலிருந்து 628க்கு வந்த கதை என்பதால்தான் இந்தப் பருவத்தை நான் முதலில் வைக்கிறேன்.

கேள்வி: அந்த மாற்றம் எப்படி வந்தது? புதிய பயிற்சியாளரா, புதிய ஆட்டக்காரரா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: தலைமைப் பயிற்சியாளர் எட் ஓர்ஜரான் 2016 செப்டம்பரிலிருந்தே இருந்தவர். லூசியானாவின் தென்கோடியில், சதுப்புநிலக் கால்வாய்களின் ஓரமாக உள்ள லரோஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். பிரெஞ்சு வழிவந்த கேஜன் மக்களின் கரகரத்த பேச்சுவழக்கு அவருடைய குரலிலேயே இருக்கும். இளம்வயதில் இதே எல்.எஸ்.யு.வில் ஆடச் சேர்ந்து, சில நாள்களிலேயே வீட்டுக்குத் திரும்பிவிட்டவர் அவர். மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் மூன்று பருவங்கள் பயிற்சியாளராக இருந்து 10 வெற்றி, 25 தோல்வி என்ற கணக்கோடு நீக்கப்பட்டார். தெற்குக் கலிஃபோர்னியாவில் தற்காலிகப் பயிற்சியாளராக இருந்து எட்டு ஆட்டங்களில் ஆறை வென்றுகாட்டியும் நிரந்தரப் பொறுப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. எல்.எஸ்.யு.விலும் முதலில் தற்காலிகமாகத்தான் அமர்த்தப்பட்டார். 2017இல் டிராய் என்ற சிறிய பல்கலைக்கழக அணியிடம் சொந்த மைதானத்திலேயே 24-21 என்று தோற்றபோது, இவரை நியமித்ததே தவறு என்று ஊரெல்லாம் பேசியது.

இப்படி அடிபட்டு வந்த மனிதர் 2018ஆம் ஆண்டுப் பருவம் முடிந்ததும் செய்த காரியம் என்னை மிகவும் கவர்ந்தது. அந்தப் பருவத்தில் 10 வெற்றி, 3 தோல்வி. யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அலபாமாவிடம் 29-0 என்று சொந்த மைதானத்தில் தோற்றதை அவர் மறக்கவில்லை. தற்காப்புப் பயிற்சியாளராகவே வளர்ந்தவர் அவர். தாக்குதல் முறை தமக்குத் தெரியாது என்பதை ஒப்புக்கொண்டு, அதைத் தெரிந்தவரைத் தேடினார். நியூ ஆர்லியன்ஸ் தொழில்முறை அணியில் உதவியாளராக இருந்த, 29 வயதே ஆன ஜோ பிராடியை அழைத்துவந்து, பந்தெறியும் ஆட்டத்தை அவரிடம் ஒப்படைத்தார்.

பிராடி கொண்டுவந்த முறையை எளிதாகச் சொல்லிவிடலாம். முன்பெல்லாம் பந்தைச் சுற்றி ஆட்டக்காரர்களை நெருக்கமாக நிறுத்துவார்கள். எதிரணியும் அங்கேயே குவியும். பிறகு கூட்டத்துக்குள் கூட்டம் மோதும். புதிய முறையில் பந்தைப் பிடிக்கும் உரிமையுள்ள ஐந்து பேரையும் களத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பரப்பி நிறுத்தினார்கள். எதிரணியும் பரவித்தான் ஆக வேண்டும். பரவினால் எங்கேயாவது இடைவெளி விழும். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே அந்த இடைவெளியைக் குவார்ட்டர்பேக் கண்டுகொண்டு, எதிரிகள் தம்மை நெருங்குவதற்குள் பந்தை அங்கே எறிந்துவிட வேண்டும். குவார்ட்டர்பேக்கைக் காக்கக் கூடுதலாக ஆள் நிறுத்துவதில்லை என்பதால் இது துணிச்சலான முறை. எறிபவருக்குக் கண்ணும் மனமும் ஒருசேர வேலை செய்யாவிட்டால் அடி வாங்கியே ஓய்ந்துபோவார்.

ஒருவரைப் பற்றி இங்கே சொல்லாமல் விட்டால் அது நியாயமாகாது. தாக்குதல் பிரிவின் மூத்த பயிற்சியாளர் ஸ்டீவ் என்ஸ்மிங்கர். 1970களில் எல்.எஸ்.யு.வுக்கே குவார்ட்டர்பேக்காக ஆடியவர். தம் வயதில் பாதிக்கும் குறைவான ஒருவர் வந்து தம் பிரிவையே மாற்றியமைக்கும்போது, பெரும்பாலானவர்கள் முகம் சுளித்து ஒதுங்கியிருப்பார்கள். அவர் ஒதுங்கவில்லை, புதிய முறையைக் கற்றுக்கொண்டு, ஆட்டத்தின் ஒவ்வொரு முயற்சிக்கும் எந்த வகையைக் கையாள வேண்டும் என்று மேல்தளத்திலிருந்து தாமே அழைப்புக் கொடுத்தார். அந்தப் பணிவு இல்லாவிட்டால் பிராடியின் அறிவு ஏட்டுச் சுரைக்காயாகவே போயிருக்கும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: ஜோ பரோ என்ற குவார்ட்டர்பேக்கை வேறொரு கல்லூரி வேண்டாம் என்று விட்டதாகக் கேள்விப்பட்டேன். அவரைப் பற்றிச் சொல்லுங்கள். (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: வேண்டாம் என்று துரத்தவில்லை, ஆனால் அவருக்கு இடம் கொடுக்கவில்லை. ஒஹாயோ மாநிலத்தின் தென்கிழக்கே உள்ள ஏதென்ஸ் வட்டாரத்தில் வளர்ந்தவர் பரோ. தந்தை ஜிம்மி பரோ அதே ஊரிலுள்ள ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் தற்காப்புப் பிரிவின் பயிற்சியாளர். மகன் மாநிலத்தின் பெரிய அணியான ஒஹாயோ ஸ்டேட்டில் சேர்ந்து, மூன்று ஆண்டுகள் பெரும்பாலும் காத்திருந்தே கழித்தார். 2017இல் வாய்ப்பு நெருங்கிய நேரத்தில் பயிற்சியின்போது கை எலும்பு முறிந்தது. அந்த இடத்தை வேறொருவர் பிடித்துக்கொண்டார். பட்டப்படிப்பை முடித்துவிட்ட மாணவர் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறி உடனே ஆடலாம் என்ற விதியைப் பயன்படுத்தி, 2018இல் எல்.எஸ்.யு.வுக்கு வந்தார். முதல் ஆண்டில் 16 டச்டவுன் எறிந்தார். நல்ல ஆட்டக்காரர் என்றார்கள்; அதற்குமேல் யாரும் எதிர்பார்க்கவில்லை.

அடுத்த ஆண்டு அவர் எறிந்தவை 60. மொத்தம் 5,671 யார்டு. எறிந்த பந்துகளில் நூற்றுக்கு 76க்கும் மேல் நம்மவர் கைக்கே போய்ச் சேர்ந்தன. எதிரணி பறித்தவை ஆறே ஆறு. 60 என்பது அன்றைக்கு முதல்நிலைக் கல்லூரி ஆட்டத்தில் எவரும் எட்டாத எண். எறிந்த பந்தைப் பிடிக்க ஜமார் சேஸ், ஜஸ்டின் ஜெஃபர்சன் என்ற இருவர் இருந்தார்கள். சேஸ் 1,780 யார்டும் 20 டச்டவுனும், ஜெஃபர்சன் 1,540 யார்டும் 18 டச்டவுனும் எடுத்தார்கள். தந்தை ஜிம்மி, மகனின் கடைசி ஆண்டை ஒன்றுவிடாமல் பார்க்க வேண்டும் என்பதற்காகவே 2018ஆம் ஆண்டுப் பருவத்தோடு பணியிலிருந்து ஓய்வுபெற்றுக்கொண்டார். பயிற்சியாளருக்கு ஒரு பருவத்தை விடுவது எவ்வளவு கடினம் என்பதைத் தெரிந்தவர்களுக்கு, அந்தத் தந்தையின் முடிவு எவ்வளவு பெரியது என்பது விளங்கும்.

பருவத்தின் கடைசி உள்ளூர் ஆட்டத்தில், டெக்சஸ் ஏ அண்ட் எம் அணிக்கு எதிராகக் களமிறங்கும்போது, கேஜன் பெயர்களில் ‘ஓ’ என்ற ஓசையைப் பிரெஞ்சு முறையில் எழுதுவதைப் போலத் தம் பெயரை எழுதிய சட்டையை அணிந்து வந்தார் பரோ. வெளியூரிலிருந்து வந்தவர் தம்மை அந்த மண்ணின் பிள்ளையாக அறிவித்துக்கொண்டதை ஒரு லட்சம் பேர் எழுந்து நின்று ஏற்றுக்கொண்டார்கள். முந்தைய ஆண்டு ஒரே ஆட்டத்தில் ஏழு கூடுதல் நேரச் சுற்றுகளுக்குப் பிறகு 74-72 என்று தங்களைத் தோற்கடித்த அந்த அணியை அன்று 50-7 என்று வென்றார்கள்.

டிசம்பர் 14 அன்று நியூயார்க்கில், ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதைப் பெற்றபோது பரோ கண்ணீரோடு பேசியதையும் குறிப்பிட வேண்டும். 1959இல் பில்லி கேனனுக்குப் பிறகு எல்.எஸ்.யு.வில் அந்த விருதைப் பெற்றவர் இவர்தான். விருதின் வரலாற்றிலேயே இவ்வளவு அதிகப் புள்ளி வித்தியாசத்தில் அதுவரை யாரும் வென்றதில்லை. அந்த மேடையில் அவர் ஏதென்ஸ் வட்டாரத்தின் வறுமையைப் பற்றியும், பள்ளி முடிந்து வீட்டுக்குப் போனால் சாப்பிட அதிகம் இல்லாத பிள்ளைகளைப் பற்றியும் பேசினார். அந்தப் பேச்சைக் கேட்ட ஊர்க்காரர் ஒருவர் அங்குள்ள உணவு வங்கிக்காக இணையத்தில் நிதி திரட்டத் தொடங்க, சில நாள்களிலேயே அது 5 லட்சம் டாலரை எட்டியது.

கேள்வி: அலபாமாவுடனான ஆட்டம் எப்படி இருந்தது? (வாசகர், திருச்சி)

பதில்: 2019 நவம்பர் 9, டஸ்கலூசா நகரம். அலபாமா தன் மைதானத்தில் தொடர்ந்து 31 ஆட்டங்களை வென்றிருந்தது. இரண்டு அணிகளும் அதுவரை ஒரு தோல்வியும் காணாதவை. அலபாமாவின் குவார்ட்டர்பேக் துவா டகோவைலோவா கணுக்காலில் அறுவைச் சிகிச்சை செய்து மூன்று வாரம்கூட முழுதாக ஆகாத நிலையில் களமிறங்கினார். அன்று அவர் 418 யார்டு எறிந்ததை எதிரணி ரசிகர்களும் மதித்தே பேச வேண்டும்.

ஆட்டத்தின் தலைவிதி முதல் பாதியின் கடைசி அரை நிமிடத்தில் முடிவானது. இடைவேளைக்கு 26 நொடி இருக்கும்போது ஓட்டக்காரர் கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர் ஒரு டச்டவுன் எடுத்தார். பந்து அலபாமாவுக்குப் போனது; இடைவேளைவரை பொறுத்திருக்காமல் அவர்கள் எறிந்தார்கள்; பேட்ரிக் குவீன் அதைப் பறித்தார்; 6 நொடி மிச்சமிருக்கும்போது பரோ எறிந்த பந்தை எட்வர்ட்ஸ்-ஹெலேரே பிடித்து மறுபடியும் டச்டவுன். 33-13. இரண்டாம் பாதியில் அலபாமா விடவில்லை. ஒரு கட்டத்தில் 33-27 என்று நெருங்கியது, மீண்டும் 39-34 என்று நெருங்கியது. ஒவ்வொரு முறையும் எல்.எஸ்.யு. நிதானமாகக் களத்தின் நீளம் முழுவதும் முன்னேறிப் பதில் கொடுத்தது. இந்தப் பதில் கொடுக்கும் திறன்தான் முந்தைய எட்டுத் தோல்விகளிலும் இல்லாமலிருந்தது. முடிவு 46-41. சுமார் 1.7 மீட்டர் உயரமே உள்ள எட்வர்ட்ஸ்-ஹெலேர் அன்று எடுத்த டச்டவுன் நான்கு. தம்மைவிடத் தலை உயர்ந்தவர்கள் இடுப்பைப் பிடித்துத் தொங்கியபோதும் அவர் கால்கள் நிற்கவில்லை.

கேள்வி: அந்த அணியின் தற்காப்பு பலவீனமானது என்று சொல்கிறார்களே? (வாசகர், சேலம்)

பதில்: பருவத்தின் நடுவில் அந்தக் குற்றச்சாட்டு நியாயமானதே. வாண்டர்பில்ட் அணிக்கு 38 புள்ளிகள் கொடுத்தார்கள். அலபாமாவை வென்ற அடுத்த வாரமே மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்கு 37 கொடுத்தார்கள். எதிரணிக் குவார்ட்டர்பேக் ஒருவரே ஓடி 200 யார்டுக்குமேல் எடுக்கவிட்டதை எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் அதற்குப் பிறகு டேவ் அராண்டாவின் தற்காப்புப் பிரிவு இறுகியது: ஆர்கன்சாவுக்கு 20, டெக்சஸ் ஏ அண்ட் எம் அணிக்கு 7, கூட்டமைப்பின் இறுதியாட்டத்தில் ஜார்ஜியாவுக்கு 10.

கேள்வி: அரையிறுதி நாளில் அணியில் ஒரு துக்கம் நேர்ந்ததாகப் படித்தேன். (வாசகர், புதுச்சேரி)

பதில்: ஆம். 2019 டிசம்பர் 28 காலையில், அட்லாண்டாவில் நடக்கவிருந்த அரையிறுதிக்காக லூசியானாவின் லஃபாயெட் நகரிலிருந்து புறப்பட்ட சிறு விமானம் சிறிது நேரத்திலேயே விழுந்து நொறுங்கியது. அதில் இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் இறந்தார்கள். அவர்களுள் ஒருவர் ஸ்டீவ் என்ஸ்மிங்கரின் மருமகள். விளையாட்டுச் செய்தியாளராக இருந்தவர். ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்பு ஓர்ஜரான்தான் அவரிடம் செய்தியைச் சொன்னார். என்ஸ்மிங்கர் தம் இடத்துக்குப் போய் அமர்ந்து, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, ஆட்டம் முழுவதும் அழைப்புக் கொடுத்தார். அன்று முதல் பாதியிலேயே பரோ ஏழு டச்டவுன் எறிந்தார். ஒக்லஹோமாவுக்கு எதிராக 63-28. அந்த எண்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மேல்தளத்தில் அமர்ந்திருந்த அந்த மனிதர்தான் நினைவுக்கு வருகிறார்.

கேள்வி: இந்த மாணவர்களுக்குச் சம்பளம் கிடைத்ததா? (வாசகர், சென்னை)

பதில்: கிடைக்கவில்லை. படிப்புக் கட்டணம், தங்குமிடம், உணவு, செலவுக்கு ஒரு சிறு தொகை ஆகியவை உதவித்தொகையாகக் கிடைத்தன. அதற்குமேல் ஒரு டாலர் வாங்கினாலும் விதிமீறல். அதே 2019ஆம் ஆண்டு ஜூலையில்தான் பல்கலைக்கழகம் 2.8 கோடி டாலர் செலவில் அணிக்குப் புதிய கட்டட வசதிகளைத் திறந்தது. பட்டம் வென்ற அதே மாதத்தில் ஓர்ஜரானுக்கு ஆறு ஆண்டுகளுக்கு 4.2 கோடி டாலர் அளவிலான புதிய ஒப்பந்தம் கிடைத்தது. பயிற்சியாளர் அதற்குத் தகுதியானவர்தான். ஆனால் அடியை வாங்கிய உடல்கள் மாணவர்களுடையவை. மைதானத்தை நிரப்பியவர்கள் அவர்கள்; தொலைக்காட்சி நிறுவனங்கள் பணம் கொட்டியது அவர்களைக் காட்டுவதற்காக. இதை நான் அன்றும் அநீதி என்றே நினைத்தேன். 2021 ஜூலையிலிருந்து கல்லூரி ஆட்டக்காரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் வைத்து விளம்பரங்கள் வழியாகச் சம்பாதிக்க அனுமதி வந்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட உடன்பாட்டின்படி, முதல் ஆண்டில் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் சுமார் 2.05 கோடி டாலர்வரை ஆட்டக்காரர்களோடு நேரடியாகப் பகிர்ந்துகொள்ளலாம். 2019ஆம் ஆண்டின் அணிக்கு இவற்றுள் எதுவும் வாய்க்கவில்லை.

கேள்வி: பல்கலைக்கழக வளாகத்துக்குள் உயிருள்ள புலியை வளர்க்கிறார்களாமே? (வாசகர், ஊட்டி)

பதில்: 1936 முதல் வளர்க்கிறார்கள். ஒவ்வொரு புலிக்கும் மைக் என்றே பெயர். 2019ஆம் ஆண்டுப் பருவத்தின்போது இருந்தது ஏழாவது மைக், 2017இல் வந்தது. முன்பெல்லாம் ஆட்டத்துக்கு முன் கூண்டில் ஏற்றி மைதானத்தைச் சுற்றிக் கொண்டுவருவார்கள். இந்த ஏழாவது மைக் வந்ததிலிருந்து அந்த வழக்கத்தை நிறுத்திவிட்டார்கள். அது மைதானத்துக்கு எதிரே உள்ள தன் இருப்பிடத்திலேயே இருக்கிறது. ஒரு லட்சம் பேரின் கூச்சலுக்கு நடுவே ஒரு புலியைக் கூண்டில் நிறுத்துவது கொடுமை. அந்த வழக்கத்தைக் கைவிட்டது நல்ல முடிவு.

கேள்வி: அடுத்த ஆண்டு என்ன ஆயிற்று? (வாசகர், வேலூர்)

பதில்: தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு 2020 ஏப்ரலில் நடந்தபோது அந்த அணியிலிருந்து 14 பேர் எடுக்கப்பட்டார்கள்; பரோ நாட்டிலேயே முதல் ஆளாகச் சின்சினாட்டி அணிக்குப் போனார். பிராடியும் தொழில்முறை அணி ஒன்றுக்குச் சென்றார்; அராண்டா பேய்லர் பல்கலைக்கழகத்துக்குத் தலைமைப் பயிற்சியாளராகச் சென்றார். தொற்றுநோய்க் காலத்தில் நடந்த 2020ஆம் ஆண்டுப் பருவத்தில் எல்.எஸ்.யு. 5 வெற்றி, 5 தோல்வி. 2021ஆம் ஆண்டுப் பருவத்தோடு ஓர்ஜரானும் விலகினார். கல்லூரி அணிகள் இப்படித்தான். ஆனால் இவ்வளவு விரைவாக ஓர் அணி கலைந்ததைப் பார்த்தது மனத்துக்கு வேதனையாகவே இருந்தது.

கேள்வி: அந்தப் பருவத்தில் ஓர் ஆட்டத்தை மட்டும் முழுதாகப் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் எதைப் பார்க்கலாம்? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: பலரும் அலபாமா ஆட்டத்தையோ, 17-7 என்று பின்தங்கிவிட்டு 42-25 என்று வென்ற கிளெம்சன் இறுதியாட்டத்தையோ சொல்வார்கள். டெக்சஸ் அணிக்கு எதிராக ஆஸ்டினில், இரண்டரை நிமிடம் மிச்சமிருக்க, 17 யார்டு தேவைப்பட்ட மூன்றாவது முயற்சியில், தம்மை நோக்கி வந்தவர்களிடமிருந்து ஓரடி நகர்ந்து ஜெஃபர்சனுக்குப் பரோ எறிந்த 61 யார்டு டச்டவுனைச் சொல்பவர்களும் உண்டு. நான் அக்டோபர் 26 அன்று டைகர் ஸ்டேடியத்தில் நடந்த ஆபர்ன் ஆட்டத்தைச் சொல்வேன்.

புதிய முறை எங்கே தடுமாறும் என்பதைக் கண்டுபிடித்த ஒரே அணி ஆபர்ன். முன்வரிசையில் மூன்றே பேரை நிறுத்திவிட்டு, மற்ற எட்டுப் பேரையும் பின்னால் பரப்பி, எறியும் வழிகளையெல்லாம் அடைத்தார்கள். எல்.எஸ்.யு. 500 யார்டுக்குமேல் முன்னேறியும் 23 புள்ளிகளே எடுக்க முடிந்தது. அந்தப் பருவத்தில் அவர்கள் எடுத்த மிகக் குறைந்த எண்ணிக்கை அதுதான். இடைவேளையில் 10-10, மூன்றாவது பகுதியில் ஆபர்ன் 13-10 என்று முந்தியது. அப்போது எல்.எஸ்.யு. தன் பழைய பாடத்துக்குத் திரும்பியது. எதிரணி பின்னால் பரவி நிற்கிறது என்றால் முன்னால் இடம் இருக்கிறது என்று பொருள். பந்தை எட்வர்ட்ஸ்-ஹெலேரிடம் கொடுத்தார்கள். அவர் அன்று 136 யார்டு ஓடினார். மறுபுறம், பலவீனமானது என்று பேசப்பட்ட தற்காப்பு, ஆபர்னின் இளம் குவார்ட்டர்பேக் எறிந்த பந்துகளில் பாதியைக்கூடச் சேரவிடவில்லை. கடைசியில் ஆபர்ன் ஒரு டச்டவுன் எடுத்து 23-20 என்று நெருங்கி, பந்தை மீண்டும் கைப்பற்றும் நோக்கத்தோடு குறுகிய தூரத்துக்கு உதைத்தது. பந்து எல்.எஸ்.யு.வின் கைக்கே வந்தது. அந்தச் சில நொடிகளில் மைதானம் முழுவதும் மூச்சடக்கி நிற்பதைக் காணொளியிலேயே உணரலாம்.